உலை வைக்கும் நேரத்தில் படம் போட்டால் யார் வருவார்கள்?

கேள்வி இதுதான்: "கோவில்பட்டியில் நாங்கள் ஏழெட்டு நண்பர்கள் இருக்கிறோம். உணவைப் பற்றிய குறும்படங்களை மட்டும் வைத்து இரண்டு நாள் விழா நடத்த ஆசை. சின்ன ஊரில் இப்படி எங்கேயாவது நடந்திருக்கிறதா? என்ன மாதிரிப் படங்கள் போடலாம்? அனுமதி, இடம், சாப்பாட்டுக் கடை, பரிசு எல்லாம் எப்படி?"

நான் உங்கள் ஊரைவிடச் சின்ன ஊர் ஒன்றில் பன்னிரண்டு வருடமாகத் திரைப்படச் சங்கம் நடத்துகிறேன். உணவுப் படங்களுக்கென்றே நான்கு முறை திரையிடல் வைத்திருக்கிறோம். முதல் முறை மண்ணைக் கவ்வினோம். அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற பதில்கள் எல்லாம் அதில்தான் போய் நிற்கும்.

அது ஒரு சனிக்கிழமை. மாலை ஆறு மணிக்கு ஒரு பள்ளிக்கூட அரங்கில் பன்னிரண்டு படங்கள் போடுவது, முடிந்ததும் வெளியே பஜ்ஜி, பருத்திப்பால், பணியாரக் கடைகள் என்று ஏற்பாடு. ஆறரைக்கு நூற்று நாற்பது பேர் இருந்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள். எங்களுக்கு ஒரே பூரிப்பு. ஏழேகாலுக்கு ஒருவர் எழுந்தார், பிறகு மூன்று பேர், பிறகு வரிசையாக. படங்கள்தான் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து வாசலில் ஒரு அக்காவிடம் கேட்டேன். "படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. உலை வைக்கணும்ல, அவுக வந்துருவாக" என்றார். அந்த நேரம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது அம்மாவின் கைமணத்தைப் பற்றிய படம். அம்மாக்கள் சமைக்கப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த ஆண்கள் உட்கார்ந்து அம்மாவின் சமையலைப் பார்த்து உருகிக்கொண்டிருந்தார்கள். பிறகு வெளியே வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் மறுபடியும் சாப்பிட்டார்கள்.

அதனால் முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். உணவுப் பட விழாவில் சாப்பாடு என்பது பொருட்காட்சிக் கடை அல்ல. ஊரில் உணவைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் யாரோ அவர்களை இரண்டு மணி நேரம் அடுப்படியிலிருந்து விடுவிக்கிற ஏற்பாடு அது. அடுத்த வருடம் நாங்கள் கடைகளை எடுத்துவிட்டு, பதிவு செய்த எல்லோருக்கும் ராத்திரிச் சாப்பாடு என்று அறிவித்தோம். அதோடு வீட்டில் இருக்கிறவர்களுக்கு, நடக்க முடியாத மாமனாரோ டியூஷன் போன பிள்ளையோ, ஆளுக்கு ஒரு பார்சல். அந்தப் பார்சல்தான் விழாவைக் காப்பாற்றியது. ஒன்பது மணிவரை ஒரு நாற்காலி காலியாகவில்லை.

சரி, வேறு எங்கே நடந்திருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன்.

கனடாவின் கிழக்கு ஓரத்தில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் வுல்ஃப்வில் என்று ஒரு ஊர். மொத்தமே ஐயாயிரம் பேர்தான் இருப்பார்கள். ஒரு பல்கலைக்கழகம், சுற்றிலும் ஆப்பிள் தோட்டமும் திராட்சைத் தோட்டமும், கொஞ்சம் தள்ளிப் போனால் கடல். அங்கே உணவகம் நடத்திய மைக்கேல் ஹவல் என்ற சமையல்காரர் 2009-இல் சிறிய அளவில் ஒரு உணவுப்பட விழாவைத் தொடங்கினார். அதுதான் பிறகு 'டிவவர்' என்ற பெயரில் பெரிதாக வளர்ந்தது. படம் பார்த்துவிட்டு அந்தப் படத்தை மனத்தில் வைத்துச் சமைத்த விருந்தில் உட்காருவது அந்த விழாவின் முத்திரை. பரிசின் பெயர் 'கோல்டன் டைன்'. டைன் என்றால் முள்கரண்டியின் ஒரு முள். எனக்கு அந்த விழாவில் மிகவும் பிடித்தது விருந்து அல்ல, அவர்கள் படம் போட்ட இடம். ஊரில் மூடிக் கிடந்த பழைய தியேட்டரை ஊர்க்காரர்களே பங்கு போட்டு, கூட்டுறவுச் சங்கம் அமைத்து வாங்கி நடத்துகிறார்கள். ஐயாயிரம் பேர் ஊருக்கு அது பெரிய காரியம். உங்கள் கோவில்பட்டியில் 2011 கணக்கெடுப்பிலேயே ஏறத்தாழ 95 ஆயிரம் பேர். ஆகவே 'சின்ன ஊர், எடுபடுமா' என்ற கவலையை விட்டுவிடலாம்.

பெர்லின் பட விழாவும் இதைச் செய்தது. 2007 முதல் 2019 வரை 'சமையல் சினிமா' என்று தனிப் பிரிவு வைத்து, படம் முடிந்ததும் பெயர்பெற்ற சமையல் கலைஞர்களைக் கொண்டு விருந்து போட்டார்கள். ஸ்பெயினில் சான் செபாஸ்டியன் விழா 2011-இலிருந்து அதே மாதிரி நடத்துகிறது. இவை இரண்டும் பெரிய ஊர், பெரிய பணம். நட்சத்திர சமையல்காரரும் மெழுகுவத்தி மேசையும் வந்த பிறகு படம் விருந்துக்கு ஊறுகாய் ஆகிவிடுகிறது என்பது என் எண்ணம். நீங்கள் அந்தப் பக்கம் பார்க்கவே வேண்டாம்.

ஆனால் பெர்லினில் அந்தப் பிரிவு தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்னால் நடந்த ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். 2006-இல் அங்கே இளம் இயக்குநர்களுக்கு 'உணவு, ருசி, பசி' என்ற தலைப்பில் குறும்படப் போட்டி வைத்தார்கள். தலைப்பின் மூன்றாவது சொல்லைக் கவனியுங்கள். பார்வையாளர்களுக்கு மிகவும் பிடித்த படமாக வந்தது பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஃபெர்டினண்ட் டிமதுரா எடுத்த ஆறு நிமிடப் படம். கடையில் இரண்டு பெண்கள் பொரித்த கோழி வாங்கிப் பாதியை மிச்சம் வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்த மிச்சம் எங்கே போகிறது, யார் தட்டில் விழுகிறது என்பதுதான் கதை. உங்கள் அறிவிப்பிலும் 'பசி' என்ற சொல் இருக்கட்டும். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் வருகிற நூறு படத்தில் எண்பது பிரியாணிப் படமாக இருக்கும். எங்களுக்கு முதல் வருடம் அப்படித்தான் வந்தது. தம் உடைத்து ஆவி எழும்புகிற அதே காட்சியை, அதே மெதுவான ஓட்டத்தில், பதினேழு தடவை பார்த்தோம்.

இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். தட்டைக் காட்டுகிற படத்தை யூடியூபில் தினமும் பார்க்கிறோம். புதுக்கோட்டைப் பக்கத்துச் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயலில் அடுப்பு மூட்டிச் சமைத்துக் கோடிப் பேரைப் பார்க்க வைத்துவிட்டார்கள். அதை உங்கள் விழாவில் தோற்கடிக்க முடியாது, தேவையும் இல்லை. விழாவுக்கு வேண்டியது தட்டுக்கு முன்னால் இருக்கிற வேலையும், தட்டுக்குப் பின்னால் இருக்கிற கழுவலும், தட்டே இல்லாதவரும்.

சினிமா பிறந்த அன்றே அதில் உணவு இருந்தது, தெரியுமா? 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு முதன்முதலாகக் காட்டிய பத்துத் துண்டுப் படங்களில் ஒன்று, குழந்தைக்குச் சோறூட்டுவது. சகோதரர்களில் ஒருவரான அகஸ்ட் லூமியரே தன் மகளுக்குக் கரண்டியால் ஊட்டுகிறார், பக்கத்தில் மனைவி. ஒரு நிமிடம்கூடக் கிடையாது. பார்த்தவர்கள் குழந்தையைவிடப் பின்னால் காற்றில் ஆடிய இலைகளைப் பார்த்து அசந்துபோனார்களாம். விழாவின் முதல் படமாக அதையே போடுங்கள். உரிமைச் சிக்கல் இல்லாத அளவுக்குப் பழையது, வசனமும் கிடையாது. போட்டுவிட்டு, 'நீங்களும் ஒரே ஒரு ஷாட்டில், ஒரு நிமிடத்தில், உங்கள் வீட்டில் யாராவது யாருக்காவது ஊட்டுவதை எடுத்து அனுப்புங்கள்' என்று ஊருக்கே ஒரு பிரிவு வைக்கலாம். நாங்கள் வைத்தோம். வந்தவற்றில் பாதி குழந்தைக்கு ஊட்டுவது. மீதி, படுக்கையில் கிடக்கும் பெரியவர்களுக்கு ஊட்டுவது. அதை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை.

குறும்படம் என்றால் எவ்வளவு நீளம் என்று எல்லோரும் கேட்பார்கள். ஆஸ்கரில் நாற்பது நிமிடம்வரை குறும்படம்தான். நீங்கள் பத்து நிமிடத்துக்கு மேல் வாங்காதீர்கள். 2012-இல் பெஸ் என்ற அமெரிக்கக் கலைஞர் எடுத்த குவாக்கமோலி பற்றிய படம், அதாவது வெண்ணெய்ப்பழத்தை மசித்துச் செய்யும் மெக்சிகோ துவையல், ஒரு நிமிடம் நாற்பது நொடிதான். கையெறி குண்டை வெண்ணெய்ப்பழமாகவும் பேஸ்பால் பந்தை வெங்காயமாகவும் நறுக்குவார். ஆஸ்கருக்குப் பரிந்துரையான படங்களிலேயே நீளம் குறைந்தது அது. குழந்தைகளுக்கு அதைப் போட்டுக் காட்டினால் மறுநாளே வீட்டில் சாமான்களைப் பரப்பிவைத்துச் செல்போனில் படம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அம்மாக்கள் உங்களைத் திட்டுவார்கள்.

பெரியவர்களுக்கு என்று ஒரே ஒரு வெளிநாட்டுப் படம் வாங்க முடியும் என்றால், பிரேசிலின் ஜோர்ஜி ஃபுர்த்தாடோ 1989-இல் எடுத்த 'பூக்களின் தீவு' படத்தைச் சொல்வேன். பதிமூன்று நிமிடம். ஒரு தக்காளி தோட்டத்தில் விளைகிறது, கடைக்கு வருகிறது, ஒரு வீட்டுக்குப் போகிறது, சாஸுக்கு ஆகாது என்று குப்பைக்குப் போகிறது. குப்பைமேட்டில் முதலில் பன்றிகளுக்குப் பொறுக்கி எடுக்கிறார்கள். பன்றிக்கு ஆகாததை எடுக்க மனிதர்களைப் பத்துப் பத்துப் பேராக, ஐந்து ஐந்து நிமிடம் உள்ளே விடுகிறார்கள். அதுவரை பாடப்புத்தகம் மாதிரி வேடிக்கையாகப் பேசிக்கொண்டு வந்த குரல் மாறுவதே இல்லை, அதுதான் அடி. பெர்லின் விழாவில் 'வெள்ளிக்கரடி' பரிசு வாங்கிய படம். ஓயாமல் பேசுகிற படம் என்பதால் அடியில் ஓடும் எழுத்தை யாராலும் படித்து முடிக்க முடியாது. நாங்கள் தமிழில் எழுதிவைத்து ஒரு வாத்தியாரை மைக்கில் நேரடியாக வாசிக்கச் சொன்னோம். அவர் குரலில் பாடம் நடத்துகிற தோரணை இயல்பாகவே இருந்தது, பிரமாதமாகப் பொருந்திவிட்டது. ஒன்று: இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காக எந்தப் படத்தையும் எடுத்துப் போடாதீர்கள். எடுத்தவருக்கோ விநியோகஸ்தருக்கோ ஒரு மின்னஞ்சல் அனுப்பி, 'சின்ன ஊர், லாபம் இல்லை, இருநூறு பேர்' என்று உண்மையைச் சொல்லிக் கேளுங்கள். பலர் சும்மாவே தருவார்கள். சிலர் சிறு கட்டணம் கேட்பார்கள்.

வெளிநாட்டுப் படம் இரண்டு நாளுக்கும் சேர்த்து நான்கைந்து போதும். உங்களுக்குச் சரக்கு உள்ளூரிலேயே கிடக்கிறது. நாலு திசையிலும் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்: சாத்தூர் சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா, திருநெல்வேலி அல்வா, தூத்துக்குடி மக்ரூன். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் உடன்குடிக் கருப்பட்டி. இத்தனையும் இவ்வளவு நெருக்கத்தில் வேறு எந்த ஊருக்கு வாய்க்கும்? மக்ரூன் என்ற பெயரே போர்த்துக்கீசியர் கடல்வழி கொண்டுவந்தது என்பார்கள். பாதாமுக்குப் பதில் நம் முந்திரி, முட்டையின் வெள்ளைக்கரு, சீனி. அந்தக் கூம்பு வடிவத்தைக் கையால் பிழிந்துவிடும் ஒரே ஒரு ஆளை ஐந்து நிமிடம் பார்த்தாலே ஒரு படம்.

உங்கள் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி எத்தனையோ வீடியோ வந்துவிட்டது. எல்லாவற்றிலும் ஒரு செய்தியாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு 'ரகசியம் என்ன' என்று கேட்கிறார். உங்கள் விழாவுக்கு அந்தக் கேள்வி வேண்டாம். பாகு பதத்தை எடுங்கள். பதத்தைக் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, இறுகியதை எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்க வேண்டும். ஒரு நொடி முந்தினால் பல்லில் ஒட்டும், பிந்தினால் கசக்கும். அந்த 'டங்' சத்தத்துக்காக ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதைப் படமாக எடுத்தால், கடலை மிட்டாயைத் திரையில் காட்டாமலே விட்டுவிடலாம்.

இன்னொன்று எட்டயபுரம். உங்களுக்குப் பக்கம்தான். காமராஜர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஊர். அன்று ஆறு வயதில் பள்ளியில் தட்டேந்தி உட்கார்ந்த பிள்ளைக்கு இன்று எழுபத்தைந்து தாண்டியிருக்கும். என்ன போட்டார்கள், யார் சமைத்தார்கள், வீட்டிலிருந்து தட்டு கொண்டுபோனார்களா, பக்கத்தில் யாரை உட்காரவைத்தார்கள், இதையெல்லாம் சொல்ல இன்னும் சிலர் இருக்கிறார்கள். 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு இப்போது ஐம்பது வயது. 2022-இல் காலை உணவு வந்தது. அதைச் சாப்பிடுகிற பிள்ளைகள் இப்போதும் வகுப்பில் இருக்கிறார்கள். ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறையும் கிடைத்தால் பத்து நிமிடத்தில் ஒரு படம். இதைப் போட்டிக்கு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே கேமராவை எடுத்துக்கொண்டு இந்த மாதமே கிளம்புங்கள். மற்ற எந்தப் படத்தையும் அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளலாம்.

நடுவர்கள் விஷயம். நாங்கள் மூன்று பேர் வைத்தோம்: படத்தொகுப்புத் தெரிந்த ஒருவர், ஒரு ஆசிரியை, அப்புறம் ஒரு கல்யாணச் சமையல் மாஸ்டர். நெல்லை, நாகர்கோவில் பக்கம் தவசிப்பிள்ளை என்பார்களே, அவர் மாதிரி ஆள். முதலில் அவரை ஒரு மரியாதைக்குத்தான் கூப்பிட்டோம். ஒரு முறுக்குப் படம் வந்தது, ஒளியமைப்பெல்லாம் கண்ணைப் பறிக்கும். மற்ற இரண்டு பேரும் பரிசே கொடுத்துவிடலாம் என்றார்கள். மாஸ்டர் மட்டும் சிரித்தார். "முறுக்கு போட்டதும் எண்ணெய் நுரைச்சுக்கிட்டு எழும்பணும் சார். இங்க எண்ணெய் சும்மா கெடக்கு. வெந்த முறுக்கையே திரும்பப் போட்டு எடுத்திருக்கானுவ" என்றார். எடுத்த பையனைக் கேட்டோம், ஒப்புக்கொண்டான். மழை வந்துவிட்டதாம், பாட்டி வீட்டுக்குப் போய்விட்டாராம், கடையில் முறுக்கு வாங்கிப் போட்டு எடுத்தானாம். அன்றிலிருந்து சமையல் தெரிந்தவர் இல்லாமல் நடுவர் குழு கூடுவதில்லை. சமையல் தெரிந்தவர் பாட்டியாக இருந்தால் இன்னும் நல்லது. பாட்டிகள் மாஸ்டரைவிடக் கறார்.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். நம் ஊர்களில் யார் என்ன சாப்பிடுகிறார்கள், யார் கையால் சாப்பிடுகிறார்கள் என்பது சாதியோடு பின்னியது. மாட்டுக்கறி, பன்றிக்கறி பற்றிய படம் வரும். டீக்கடையில் தனிக் குவளை வைத்திருந்ததைப் பற்றிய படம் வரும். கோயில் கொடையில் கிடா வெட்டும் படம் வரும். இவற்றைப் 'பிரச்சினை வேண்டாம்' என்று முதல் கட்டத்திலேயே ஒதுக்கிவிட்டால் மிச்சமிருப்பது டிவி சமையல் நிகழ்ச்சிதான். நன்றாக எடுத்திருந்தால் போடுங்கள். யார் வரப்போகிறார்கள் என்று பார்த்து நடுங்காதீர்கள். ஆனால் வரிசை முக்கியம். வெட்டுகிற காட்சியைச் சாப்பாட்டுக்கு நேர் முன்னால் வைக்காதீர்கள், அது படத்துக்கும் நியாயமில்லை, வயிற்றுக்கும் நியாயமில்லை. கனமான படங்கள் நடுவில் வரட்டும், அவற்றுக்குப் பின் விளக்கைப் போட்டு ஐந்து நிமிடம் பேசவிடுங்கள். கடைசிப் படம் பசியைக் கிளப்புவதாக இருக்கட்டும். பந்தியில் எல்லோரும் ஒரே வரிசையில் உட்காருவார்கள், அதைச் சத்தமில்லாமல் செய்துவிடுங்கள்.

இடம்: தியேட்டரும் வேண்டாம், பள்ளி அரங்கும் வேண்டாம். கல்யாண மண்டபம் பிடியுங்கள். சமையல்கட்டு, அண்டா குண்டா, பந்தி மேசை, கை கழுவக் குழாய், ஜெனரேட்டர், நாற்காலி எல்லாம் ஒரே இடத்தில். உணவுப் பட விழாவுக்கென்றே யாரோ கட்டிவைத்த மாதிரி இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் மண்டபம் சும்மா கிடக்கும், வாடகையைப் பேசிக் குறைக்கலாம். ஆடியில் உங்கள் கரிசல் காட்டுக் காற்றைச் சொல்லவே வேண்டாம், வெளியில் திரை கட்டினால் திரையைத் தேடி ஓட வேண்டியிருக்கும். மார்கழி நல்லது. பதநீர் இறக்குவதைப் படம் எடுக்க நினைப்பவர்களுக்குப் பங்குனி, சித்திரைதான் காலம் என்பதால், அறிவிப்பைத் தை மாதமே விட்டால் அவர்கள் எடுத்து முடிக்க நேரம் இருக்கும்.

மண்டபத்தில் ஒரே வில்லன் எதிரொலி. டைல்ஸ் தரை, வெறும் சுவர், உயரமான கூரை. வசனமெல்லாம் கிணற்றுக்குள் பேசுவதுபோல் கேட்கும். பக்கச் சுவர்களில் ஜமுக்காளத்தைத் தொங்கவிடுங்கள், தரையிலும் விரியுங்கள். ஒலிபெருக்கியைக் கல்யாணத்துக்குக் கட்டுகிற மாதிரி உயரத்தில் கட்டாமல், திரைக்கு இரண்டு பக்கமும் காது உயரத்தில் வையுங்கள். படத்தைவிட இதற்கு அதிகம் மெனக்கெடச் சொல்வேன். திரையிலிருந்து வாசனை வராது, ருசி வராது, அந்த இரண்டின் வேலையையும் சத்தம்தான் செய்ய வேண்டும். கடுகு வெடிப்பது, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததும் வருகிற 'சொய்ங்', அம்மியில் குழவி உரசுவது. இதனால்தான் பின்னணியில் சினிமாப் பாட்டுப் போட்டு அனுப்புகிற படங்களை எங்கள் விதியில் ஏற்பதில்லை என்று போட்டோம். உரிமைச் சிக்கலும் தீர்ந்தது, கடுகும் கேட்டது.

புரொஜெக்டர் பன்னிரண்டு அடித் திரைக்கு ஐயாயிரம் லூமென் வெளிச்சம் இருந்தால் தாராளம், வாடகைக்கே கிடைக்கும். படங்களைத் தனித்தனிக் கோப்பாக வைத்துக்கொண்டு மேடையிலேயே தேடாதீர்கள். ஒரு மாலைக்கான படங்களை எல்லாம் ஒரே கோப்பாகச் சேர்த்து, ஒலியளவைச் சமன்செய்து, அதே மண்டபத்தில் அதே கருவிகளில் முந்தின நாள் முழுதும் ஓட்டிப் பாருங்கள். ஒரு மாலைக்குத் தொண்ணூறு நிமிடம், பத்துப் படம். அதற்கு மேல் போனால் பந்தி தள்ளிப்போகும், மாஸ்டர் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

அனுமதி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொதுமக்களுக்குப் படம் காட்டுவதென்றால் 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். குறும்படம் என்பதால் விலக்கு ஒன்றும் இல்லை. ஆனால் லாப நோக்கமற்ற திரைப்பட விழாக்களுக்கு, பதிவு செய்த பிரதிநிதிகளுக்கு, அதாவது முன்பே பெயர் பதிந்த பார்வையாளர்களுக்கு, மட்டும் காட்டுவதாக இருந்தால், மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்கு தருகிறது. ஒரு முன்பார்வைக் குழு எல்லாப் படங்களையும் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். அதனால் தேர்வை இரண்டு மாதம் முன்பே முடித்து விண்ணப்பித்துவிடுங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை எங்கள் விண்ணப்பம் ஒரு அலுவலகத்தில் 'சினிமாவா, சாப்பாடா, எந்த செக்‌ஷன்' என்று தெரியாமல் மூன்று வாரம் மேசை மேசையாக அலைந்தது. இரண்டுக்கும் தனித்தனிக் கடிதம் கொடுங்கள். சமைப்பவருக்கு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கல்யாண மாஸ்டர்களிடம் பெரும்பாலும் இருக்கும்.

சாப்பாடு ஒரே ஒரு வகை போதும். பத்து வகை வைத்தால் பந்தி நகராது, செலவும் கையைக் கடிக்கும். ஒரு நாள் கூட்டாஞ்சோறு, ஒரு நாள் கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும், கருவாடு வேண்டாதவர்களுக்குப் புளிக்குழம்பு. கூட்டாஞ்சோறு உங்கள் பக்கத்துப் பண்டம், பந்திக்கும் வசதி: தலைக்கு நூறு கிராம் அரிசி என்றால் இருநூறு பேருக்கு இருபது கிலோ, பருப்பும் காயும் முருங்கைக்கீரையும் அதிலேயே விழுந்துவிடும், தொட்டுக்கொள்ள அப்பளம். பார்சலுக்கு ஐம்பது சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2019 முதல் பிளாஸ்டிக் தடை இருப்பதால் வாழை இலையும் தொன்னையும்தான். பார்சலுக்கு அவரவர் தூக்குச்சட்டி கொண்டுவரச் சொல்லிவிட்டோம். படம் பார்க்க வருகிறவர்கள் கையில் தூக்குச்சட்டியோடு வரிசையில் நிற்பதே ஒரு நல்ல ஷாட்.

பணத்துக்கு: பதிவுக் கட்டணம் என்று சாப்பாட்டுச் செலவு மட்டும் வருகிற அளவுக்கு வாங்குங்கள். மண்டபத்துக்கும் புரொஜெக்டருக்கும் ஊர் மிட்டாய்க் கடைக்காரர்களையும் எண்ணெய் மில்காரர்களையும் கேட்கலாம். ஆனால் அவர்கள் விளம்பரப் படத்தைப் போட்டியில் சேர்க்கச் சொன்னால் கும்பிடு போட்டுவிடுங்கள். மிட்டாய் போடும் தொழிலாளிகளுக்குக் கட்டணம் வேண்டாம். அவர்களுக்கு எத்தனை மணிக்கு வேலை முடிகிறது என்று நேரில் போய் விசாரித்துவிட்டு, அதற்கு ஏற்றாற்போல் தொடங்கும் நேரத்தை வையுங்கள். சுவரொட்டி அடிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

பரிசுக்குக் கண்ணாடிக் கேடயம் வேண்டாம், வீட்டில் தூசிதான் படியும். வுல்ஃப்வில்காரர்கள் முள்கரண்டி முள்ளைக் கொடுக்கிறார்கள். நாங்கள் முதல் பரிசுக்குப் பேர் வெட்டிய ஒரு பித்தளை அன்னக்கரண்டியும் கொஞ்சம் ரொக்கமும் கொடுத்தோம். இரண்டாம் பரிசுக்கு எவர்சில்வர் ஜல்லிக்கரண்டி. அந்த முறுக்குப் பையன் போன வருடம் மறுபடியும் படம் அனுப்பினான், இந்த முறை எண்ணெய் நன்றாகவே நுரைத்தது. ஜல்லிக்கரண்டி அவனுக்குத்தான். பாட்டி மேடையேறி வாங்கி, கரண்டியின் ஓட்டைகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒருமுறை பார்த்துவிட்டு, "கண்ணு கொஞ்சம் பெருசா இருக்கே, பூந்தி தேய்க்க ஆகாது" என்றார்.